மரபணு உறவும் மறுமொழி வராத மடலும்

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது நம் முன்னோர் மொழி. மனம் மறந்தாலும் உடல் மறவாதது உறவு என்னும் கருத்தில் அவர்கள் அதனைச் சொல்லி வைத்தனர். அன்று உவமையாக நின்ற அம்மொழி இன்று ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டத்தக்க உண்மையாகிவிட்டது. சிறு குழாயில் உமிழ்நீரை இட்டு அனுப்பினால் போதும்; உலகின் எந்த மூலையில் நம் குருதி உறவினர் உளர், அவர் நமக்கு எவ்வளவு நெருங்கியவர் என்பதைச் சில வாரங்களிற் பட்டியலிட்டுக் காட்டும் நிறுவனங்கள் தோன்றியுள்ளன. ஆயின், பட்டியலிற் கண்ட உறவினருக்கு மடல் எழுதிவிட்டு மறுமொழிக்காக மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கிற் காத்திருப்போர் பலர். தசை ஆடுகிறது, தபால் வரவில்லை.

இக்காத்திருப்பின் வருத்தத்தை மிகுதியும் உணர்வோர், கடல் கடந்து சென்ற தமிழ்த் தொழிலாளரின் நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் ஆவர். தென்னாப்பிரிக்காவிலும், மொரீஷியஸ், ரியூனியன், பிஜித் தீவுகளிலும் வாழும் அவர்கள், தம் முன்னோர் பிறந்த ஊர் எது, அங்கே எஞ்சியிருக்கும் சுற்றம் எது என்று தேடுகின்றனர். அவர்களுடைய தேடலின் வரலாற்றையும், அதற்கு எதிரே நிற்கும் மௌனத்தின் காரணங்களையும் ஆராய்வது வேலை தேடி ஊர் விட்டு வந்து வேற்று மாநிலத்துக் காலனிகளில் வாழும் நமக்கும் பயன் தரும். அவர்கள் தேடும் உறவினர் நம்முள்ளும் இருக்கக்கூடும் அன்றோ!

முதலில் பிரிவு நேர்ந்த கதையைக் காண்போம். 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு மலிவான ஆள் வேண்டியிருந்தது. அத்தேவையிலிருந்து எழுந்ததே ஒப்பந்தக் கூலி முறை. ஐந்தாண்டு உழைப்பதாகக் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டு ஏழை மக்கள் கப்பலேறினர். 1834 முதல் மொரீஷியசுக்கு மட்டும் ஏறத்தாழ நாலரை இலட்சம் இந்தியர் சென்றனர். 1860 அக்டோபர் 12ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல், 342 பேருடன் நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டால் நாட்டிற்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றோர் 1,52,184 பேர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறை வழியாகச் சென்றவர்கள். பிஜித் தீவுக்கு 1879 முதல் கல்கத்தாவிலிருந்தும், 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆள் ஏற்றினர். 1916 வரையில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்குச் சேர்ந்தனர். பிரெஞ்சுத் தீவுகளுக்குப் புதுச்சேரியும் காரைக்காலும் வாயிலாயின. 1917இல் ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. 1920 ஜனவரி முதல் நாளில் பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன.

இவ்வளவு பேரையும் ஆங்கில அரசு எழுத்தில் பதிந்தே அனுப்பியது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதனோடு பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், சிற்றூர், உடல் அடையாளம், ஏறிய கப்பல் ஆகியவை குறிக்கப்பெற்றன. மொரீஷியசில் 1860களிலிருந்து தொழிலாளரைப் புகைப்படமும் எடுத்தனர். அந்நாட்டின் குடியேற்ற ஏடுகளை மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிலையம் காத்து வருகிறது. தொழிலாளர் கால் வைத்த போர்ட் லூயிஸ் துறைப் படிகள் 2006இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றன.

ஏடுகள் இருந்தும் ஊர் கிடைப்பது அரிதாக இருப்பதேன்? தமிழ் அறியாத எழுத்தர், காதில் விழுந்தபடி எழுதினார். எழுதியதை மற்றொருவர் பார்த்து எழுதினார். நேட்டாலில் முதலியார் ‘மூட்லி’ ஆனார். கவுண்டர் ‘கவண்டர்’ ஆனார். மொரீஷியசிலும் ரியூனியனிலும் தந்தையின் பெயரே பின்னர்க் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஊர்ப் பெயரைச் சரியாகவே எழுதியிருந்தாலும் தொல்லை தீர்வதில்லை. புதூர் என்றொரு பெயர் ஏட்டில் இருப்பின், தமிழ்நாட்டில் எந்தப் புதூர் என்று தேடுவது? ஜோகானஸ்பர்கில் பிறந்து, சத்தியாக்கிரகச் சிறை நோயால் 1914இல் பதினாறாம் வயதில் மறைந்த வள்ளியம்மையை நாம் இன்றும் தில்லையாடி வள்ளியம்மை என்றே அழைக்கிறோம். அவர் பெற்றோரின் ஊர் அவர் பெயரோடு நிலைத்தது. 1915இல் காந்தியடிகளே அவ்வூருக்கு வந்து சென்றார். அப்பேறு மற்றவர்க்கு வாய்க்கவில்லை. ஆயிரமாயிரம் குடும்பங்களில் ஊர்ப் பெயர் இரண்டாம் தலைமுறையிலேயே மறைந்துபோயிற்று.

ஏடு கைவிட்ட இடத்தில் மரபணு கைகொடுக்கும் என்னும் நம்பிக்கை அண்மைக் காலத்தில் தோன்றியது. மரபணுப் பொருளின் இரட்டைச் சுருள் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் 1953இல் வெளியிட்டனர். மனித மரபணுத் தொகுதியைப் படித்தறியும் பெருந்திட்டம் 2003இல் நிறைவேறியது. 2000 முதலே குடும்ப வரலாறு தேடுவோர்க்கெனச் சோதனைகள் விற்பனைக்கு வந்தன. இன்று ‘ஆன்செஸ்ட்ரி’ என்னும் ஒரு நிறுவனத்தின் பட்டியலில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் உள்ளனர். இருவருடைய மரபணு இழைகளில் எவ்வளவு நீளம் ஒத்திருக்கிறது என்று கணக்கிட்டு, ‘சென்டிமார்கன்’ என்னும் அளவால் அந்நிறுவனங்கள் உறவைக் கூறுகின்றன. மரபியல் அறிஞர் தாமஸ் ஹண்ட் மார்கனின் பெயரால் அமைந்த அளவு அது.

கணக்கு எளியது. பெற்றோரிடமிருந்து பாதி, பாட்டன் பாட்டியரிடமிருந்து ஒவ்வொருவருக்கும் கால் பங்கு. பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமன் ஆகியோரின் மக்களோடு சராசரி எட்டில் ஒரு பங்கு ஒத்திருக்கும். கொள்ளுத்தாத்தா பொதுவாயின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. எள்ளுத்தாத்தா பொதுவாயின் நூற்றிருபத்தெட்டில் ஒரு பங்கே. அதற்கும் ஒரு தலைமுறை மேலே சென்றால், ஒத்த பகுதி ஒன்றேனும் கிடைப்பது ஏறத்தாழப் பாதிப் பேரிடம்தான். மற்றப் பாதிப் பேர் உண்மை உறவினராயினும் பட்டியலில் தோன்றவே மாட்டார்கள்.

இதனை நம் பொருளுக்குப் பொருத்திப் பார்ப்போம். 1890இல் இருபத்திரண்டு வயதில் ஒருவர் டர்பனுக்குக் கப்பலேறினார் என்றும், அவர் தம்பி ஊரிலேயே தங்கினார் என்றும் வைத்துக்கொள்வோம். 1980ஐ ஒட்டிப் பிறந்த இன்றைய வழித்தோன்றலுக்குக் கப்பலேறியவர் எள்ளுத்தாத்தா. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான பெற்றோர் அதற்கும் ஒரு படி மேலே உள்ளனர். ஆகவே, அண்ணன் வழிப் பேரனும் தம்பி வழிப் பேத்தியும் பட்டியலிற் சந்திப்பது, நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா என்று பார்ப்பதை ஒத்தது. வீட்டு முதியவர் சோதனை செய்துகொண்டால் ஒரு தலைமுறை நெருங்கும், வாய்ப்பும் மிகும். முதியோரை முதலிற் சோதிக்குமாறு அறிந்தோர் வற்புறுத்துவது இதனால்தான்.

நம் மணமுறையால் வேறொரு சிக்கலும் உண்டு. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது நம்மிடை நெடுநாள் வழக்கம். அவ்வாறு மணந்தவரின் பிள்ளைக்கு எட்டாக இருக்கவேண்டிய கொள்ளுத்தாத்தா பாட்டியர் ஆறு பேராகக் குறைகின்றனர். ஒரே முன்னோர் பல வழியாக வந்து சேர்வதால், ஒத்த பகுதிகளின் கூட்டுத்தொகை பெருகி, தூரத்து உறவினர் கிட்டத்து உறவினராகத் தோன்றுவர். ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தாரும் அமெரிக்க அறிஞரும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் இரு பழைய மக்கட் கூட்டங்களின் கலப்பு ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை நிகழ்ந்ததென்றும், பின்னர் அகமண வழக்கம் வலுப்பெற்றதென்றும் காட்டுகிறது. ஆதலின், ‘எள்ளுத்தாத்தா வழி உறவு’ என்று நிறுவனம் மேலைநாட்டார் கணக்கில் அச்சிட்டுத் தருவதை நாம் அப்படியே கொள்ளுதல் தகாது. அதனை நம்பி, ‘நீங்கள் எனக்கு இன்ன முறை’ என்று முதல் மடலிலேயே உறுதி கூறினால், பெற்றவர் ஐயுறுவதில் வியப்பில்லை.

இனி மௌனத்திற்கு வருவோம். மறுமொழி வராமைக்குப் பகை காரணமென்று கொள்வது பெரும்பாலும் தவறு. பிறந்தநாட் பரிசாகக் கிடைத்த சோதனைக் குழாயில் உமிழ்ந்துவிட்டு, தம் குருதியில் எந்த நாட்டுப் பங்கு எவ்வளவு என்று ஒரு மாலைப்பொழுது பார்த்து மகிழ்ந்து, பிறகு அக்கணக்கைத் திறவாதோர் மிகப் பலர். சிலரது கணக்கைப் பேரனோ மருமகளோ பார்த்து வருவர். மடல் அவர்களிடம் தங்கிவிடும். சிலர் மறைந்திருப்பர், பட்டியலில் மட்டும் அவர் பெயர் நிற்கும். வேறு சிலர் மடலைப் படித்திருப்பர்; தாத்தாவுக்கு முந்தியவர் பெயர் தமக்கே தெரியாமையால், என்ன எழுதுவதென்று நாணிப் பேசாதிருப்பர்.

அச்சத்தால் மௌனம் காப்போரும் உளர். அவ்வச்சம் காரணமற்றதன்று. 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பல்லாண்டுகளுக்கு முந்தைய கொலைகளுக்காக ஒருவரைக் காவலர் கைது செய்தனர். குடும்ப வரலாற்றுப் பட்டியல் ஒன்றில் இருந்த தூரத்து உறவினர் வழியாகவே அவரைக் கண்டுபிடித்தனர். ‘23 அண்ட் மி’ என்னும் நிறுவனத்தில் 2023இல் நிகழ்ந்த தகவற் களவில் ஏறத்தாழ 69 இலட்சம் பேருடைய செய்திகள் வெளியேறின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்பு நாடியது. இவற்றைச் செய்தித்தாளிற் படித்தவர், முன்பின் அறியாதவர் ‘நான் உங்கள் உறவு’ என்று எழுதினால் தயங்கவே செய்வர்.

இவற்றினும் ஆழமானவை வீட்டுக்குள் இருக்கும் காரணங்கள். தத்தெடுத்த பிள்ளை, மறைக்கப்பட்ட முதல் மணம், தந்தை என்று நம்பியவர் தந்தையல்லர் என்னும் உண்மை ஆகியவற்றை ஓர் எண் வெளிப்படுத்திவிடக்கூடும். நம் நாட்டிலோ நிலமும் சாதியும் சேர்ந்துகொள்கின்றன. கடல் கடந்து சென்றவரின் வழித்தோன்றல் எழுதும் மடலைப் பூர்வீகச் சொத்திற் பங்கு கேட்கும் முன்னோட்டமோ என்று பங்காளிகள் கருதுவதுண்டு. கப்பலேறும்போதும் கரையிறங்கிய பின்னரும் சாதிப் பெயரை மாற்றிக்கொண்டோரும் இருந்தனர். பழைய ஏட்டைப் புரட்டினால் என்ன வெளிப்படுமோ என்னும் கலக்கம் இரு கரையிலும் இருக்கலாம். இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனிமை காக்கும் உரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் தீர்ப்பளித்தது. மறுமொழி எழுதாதிருப்பதும் ஒருவருடைய உரிமை என்பதை மடல் எழுதுவோர் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வரலாற்றை நோக்கினால், இம்மௌனம் இன்று பிறந்ததன்று என்பது விளங்கும். வீட்டாரிடம் சொல்லாமலே சந்தையிலிருந்தும் கோயில் திருவிழாவிலிருந்தும் ஆள் சேர்ப்பவர் பின்னே போனோர் பலர். நூறு ஆடவருக்கு நாற்பது பெண்டிர் என்னும் விகிதம் நிறைய வேண்டும் என்று பிஜி போன்ற குடியேற்ற நாடுகளுக்கு விதி இருந்தது. அவ்வாறு சேர்க்கப்பெற்ற பெண்டிருள் கைம்பெண்களும், கணவனால் கைவிடப்பெற்றோரும் உண்டு. ஊரில் அவர்களைப் பற்றிப் பேசுவதே இழுக்கென்று கருதப்பட்ட காலம் அது. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி பிறரைக் கொண்டு மடல் எழுதுவித்தான். ஊரில் அதைப் படித்துச் சொல்ல இன்னொருவர் வேண்டியிருந்தது. பஞ்சத்தாற் குடும்பமே இடம் பெயர்ந்திருந்தால் மடலைப் பெறவும் ஆளில்லை. அன்று எழுந்த இடைவெளியே நூறாண்டு கடந்து இன்றைய கணினித் திரையில் வெறுமையாக நிற்கிறது. மறுமொழி கிடைக்காத பேத்தி ஒருத்தி, தன் எள்ளுத்தாத்தா காத்திருந்த அதே வாயிலிற் காத்திருக்கிறாள் எனலாம்.

இதனை உணர்ந்தால் மடல் எழுதும் முறையும் தானே அமையும். முதல் மடல் சுருக்கமாக இருத்தல் வேண்டும். எழுதுபவர் யார், எந்நாட்டினர், ஒத்த அளவு எவ்வளவு, தாம் தேடும் முன்னோரின் பெயரும் ஊரும் ஏட்டில் எவ்வாறு உள்ளன, எந்த ஆண்டு எந்தக் கப்பலில் சென்றார் என்பவற்றை ஐந்தாறு வரியிற் கூறினாற் போதும். கேள்வி ஒன்றே ஒன்று இருக்கட்டும். ‘உங்கள் குடும்பத்தில் இவ்வூர்ப் பெயரைக் கேட்டதுண்டா?’ என்பது போல விடை சொல்ல எளிதானதாக இருக்கட்டும். சொத்தோ பணமோ நாடவில்லை, விருப்பமில்லையேல் எழுத வேண்டுவதில்லை என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுதல் நலம். பிறப்பு பற்றிய மறைபொருள் எதையும் முதல் மடலில் எழுதலாகாது. இரண்டு மூன்று திங்கள் பொறுத்து இன்னுமொரு மடல் எழுதலாம். அதன் பின்னும் அமைதி நீடித்தால் அதனை மதித்து நிறுத்திக்கொள்வதே பண்பு. வேறு வழியாக முகவரி தேடி வாயிற்படியில் போய் நிற்பது உறவைத் தேடுவதாகாது.

வாய் திறவாத உறவினரும் ஒருவகையிற் செய்தி தருகிறார் என்பதை ஈண்டுக் குறிக்க வேண்டும். நமக்கும் அவருக்கும் ஒருங்கே பொருந்துவோர் யார் யார் என்பதை நிறுவனங்கள் காட்டுகின்றன. அவருள் மூவரின் முன்னோர் ஒரே வட்டத்தினர் என்று தெரிந்தால், நான்காமவர் பேசாவிடினும் திசை விளங்கிவிடும். மிகச் சிறிய ஒற்றுமைகளைப் பின்தொடர்ந்து காலத்தை வீணாக்கலாகாது; ஏழு சென்டிமார்கனுக்குக் குறைந்தவை தற்செயலாகவும் அமையக்கூடும். மரபணு திசையைக் காட்டுமே அன்றிப் பெயரைச் சொல்லாது. பெயரைச் சொல்லக்கூடியவை கப்பல் ஏடும், மணப் பதிவும், பாட்டியின் வாய்மொழியும், குலதெய்வத்தின் பெயருமே. பங்காளிகள் ஒன்றுகூடும் இடம் குலதெய்வக் கோயில் ஆதலின், அத்தெய்வத்தின் பெயர் கிடைத்தால் ஊரை நெருங்கிவிட்டதாகவே கொள்ளலாம்.

இனி நம் கடமைக்கு வருவோம். தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் வாழும் நம்மவருள் இச்சோதனையைச் செய்துகொண்டோர் சிலரே. ஆதலால் டர்பனிலிருந்தும் போர்ட் லூயிஸிலிருந்தும் தேடுவோர்க்குப் பட்டியலிற் கிடைப்போரில் பெரும்பாலார், அவர்களைப் போலவே ஊரை இழந்த பிற நாட்டுத் தமிழர்கள். விடை தெரிந்த ஊர்க்காரர் பட்டியலிலேயே இல்லை. எல்லோரும் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மேலே கூறிய அச்சங்களை எண்ணி அவரவரே முடிவு செய்ய வேண்டிய பொருள் அது. ஆயின், குழாயும் கட்டணமும் வேண்டாத பணி ஒன்று நம் ஒவ்வொரு வீட்டிலும் காத்திருக்கிறது.

ஒரு குறிப்பேடு எடுப்போம். தந்தை வழியிலும் தாய் வழியிலும் நினைவில் எஞ்சிய பெயர்கள், பூர்வீகச் சிற்றூர், அது சேர்ந்த வட்டம், குலதெய்வம், ஊரை விட்டுப் போனவர் என்று வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்ட எவரேனும் இருப்பின் அவர் பெயர், போன திசை, போன காலம் ஆகியவற்றை அதில் எழுதி வைப்போம். ரங்கூனுக்குப் போனார், நேட்டாலுக்குப் போனார், பிறகு செய்தியில்லை என்று ஒரு வரி இருந்தாலும் அது பெருஞ்செல்வம். காலனிகளிற் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் பலர்க்குப் பாட்டனார் ஊரின் பெயரே தெரியாது. டர்பனிலே ஊர்ப் பெயர் மறையக் கடல் காரணமாயிற்று. இங்கே அதற்கு நாமே காரணமாகிவிடக் கூடாது.

அறியாத ஒருவரிடமிருந்து, தவறான எழுத்துடன் கூடிய நம் ஊர்ப் பெயரைத் தாங்கி ஒரு மடல் வருமாயின், தக்கவாறு விசாரித்துத் தெளிந்தபின் ஒரு வரியேனும் எழுதுவோம். ‘எமக்குத் தெரியவில்லை, ஊரில் உள்ள பெரியவரைக் கேட்டுச் சொல்கிறோம்’ என்பதும் ஒரு மறுமொழியே. ‘இதைப் பற்றிப் பேச விரும்பவில்லை, வாழ்த்துகள்’ என்பதும் மறுமொழியே. காத்திருப்பவர் தம் தேடலை வேறு திசையில் திருப்ப அது உதவும். நூறாண்டுகளுக்கு முன் நம் வீட்டு வாயிலுக்கு வராமற் போன மடல்கள் எத்தனையோ! இனி வருவனவற்றையாவது பிரித்துப் படித்து விடை எழுதுமாறு சங்கத்து அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம்.